உள்தாழ்ப்பாள்

எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குள் குழந்தைகள் நலத்துறை அதிகாரி அம்மா கழுத்தை மட்டும்தான் நீட்டினார். உடம்பு போக இடமில்லை. கால் ஒடிந்த நாற்காலிகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்த இழுப்பறைகள், கண்ணாடியில்லாத ஜன்னல் கதவுகள், ஒரு தையல் மெஷினின் இரும்புக் கால், எந்திரம் கழற்றிய ஃபிரிட்ஜ், சாக்கு நிறையக் கைப்பிடிகள். எல்லாம் நான் சேர்த்தவை. அறைக் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டு திறந்தே கிடந்தது. சாமான்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டதால் அதை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது.

"குழந்தைக்குன்னு நீங்க சொன்ன ரூம் இதுதானா?" என்றார்.

"இதுதான் மேடம். ரெண்டே நாள்ல ஒழிச்சுடுவேன்."

"ஒழிச்சா மட்டும் போதாதும்மா" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் எழுத ஆரம்பித்தார். பேனா போன போக்கைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பதினெட்டு மாடி அடுக்குமாடி வளாகம் ஒன்றில் துப்புரவுப் பணியை மேற்பார்வை பார்க்கிறேன். வீடு காலி செய்கிறவர்களும் புதுச் சாமான் வாங்குகிறவர்களும் பழையதைச் சரக்கு லிஃப்ட் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். அதைக் குப்பை அறைக்கு அனுப்புவது என் வேலை. வேண்டியதை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று வளாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். நல்ல மரத்தை, ஒரு திருகாணி கழன்றதற்காகத் தூக்கி எறிகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்றைக்காவது உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அந்த என்றைக்காவது மட்டும் வந்ததே இல்லை.

"உனக்கு எதுக்கு வீடு? கிடங்கு போதும்" என்பார் என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். எதையும் நிதானமாக, நிறுத்தம் நிறுத்தமாகத்தான் பேசுவார்.

அதிகாரி அம்மா படிவத்தின் நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார். முன்பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தனிக் கட்டில், இல்லை. படிக்க மேசை, இல்லை. துணி வைக்க இடம், இல்லை. அறை, பயன்படுத்த முடியாத நிலையில்.

"பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு. அன்னிக்குக் குழந்தையையும் கூட்டிட்டு வருவேன். அவ பாக்கட்டும், அவகிட்டயும் கேக்கணும். அன்னிக்கும் இப்படியே இருந்தா கோப்பை மூடிடுவேன். அப்புறம் அவளை வேற ஊர்ப் பெரிய இல்லத்துக்கு மாத்திடுவாங்க. நீங்க நினைச்சாலும் வாராவாரம் போய்ப் பாக்க முடியாது."

குழந்தை என் தம்பியின் மகள். பத்து வயது முடிந்து பதினொன்று நடக்கிறது. தம்பியும் நானும் எட்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுச் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்த சண்டை. எனக்கு மூக்குமேல் கோபம், அவனுக்கு அதற்கும் மேலே. இவளுடைய அம்மா முன்பே தவறிவிட்டாள். தம்பி காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு அழுத அழுகையில் துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தேன். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "எங்க வீட்டுக்கு வர்றியாம்மா?" என்று கேட்டால், "தெரியல" என்பாள். ஒருநாள் அவள் படுக்கிற கூடத்தைக் காட்டினார்கள். நாற்பது கட்டில்கள், வரிசையாக. அறையும் இல்லை, தடுப்பும் இல்லை. ஒரு பெண் துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். துண்டு விலகியபோதுதான் அது எங்கள் பெண் என்று தெரிந்தது. நானோ அவளுடைய கட்டிலைப் பார்த்து, அதன் கம்பி வளைந்திருக்கிறதே, பிள்ளைக்கு முதுகு வலிக்குமே என்று கவலைப்பட்டேன்.

ஆகவே முதலில் கட்டில் என்று முடிவு செய்தேன். வாங்க வழியில்லை. ஆனால் அறை நிறைய மரம் இருக்கிறதே.

"எல்லாத்தையும் நானே செய்யறேன்" என்றேன்.

"உனக்கு மரவேலை தெரியுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"பதினெட்டு மாடிச் சாமானைக் கழட்டியிருக்கேன். கழட்டத் தெரிஞ்சவளுக்கு மாட்டத் தெரியாதா?"

மறுநாள் அவர் பஸ் பணிமனையிலிருந்து ஒரு ரம்பத்தையும் இழைப்புளியையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினோம். குறடால் ஆணிகளைப் பிடுங்கினேன். வளைந்ததைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். திருகாணிகள் ஜாம் பாட்டிலுக்குள் போயின. ஒன்பதாவது மாடிக்காரர் எறிந்த இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கச் சட்டம் பிளந்திருந்தது. பிளந்த பக்கத்தை வெட்டித் தள்ளி, குறுக்குப் பலகைகளை மூன்றடியாக அறுத்து, ஒற்றைக் கட்டிலாக்கினேன். தலைமாட்டுக்கு ஒரு ஜன்னல் கதவு. முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது அது கீச்சென்று கத்தியது. அத்தனையையும் கழற்றி, மூட்டுகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, திரும்ப முடுக்கினேன். வீட்டுக்காரரைப் படுக்கச் சொன்னேன். படுத்தார், புரண்டார், ஒரு சத்தமும் இல்லை. எழுப்பினால் எழுந்திருக்கவும் இல்லை.

ஃபிரிட்ஜ் துணி அலமாரி ஆனது. பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அதன் கதவை முதல் காரியமாகக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, கம்பி போட்டுத் துணித்திரை தொங்கவிட்டேன். காய்கறித் தட்டில் உள்ளாடை, கதவிலிருந்து எடுத்து வைத்த முட்டைத் தட்டின் குழிகளில் தலைக்கு மாட்டுகிற ரப்பர், கிளிப். வளாகத்துக் காவலாளி ஒருவன் இருக்கிறான், எப்போதும் வாயில் விசிலோடு திரிவதால் அவன் பேரே விசில்தான். என் அவசரம் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. "அக்கா, ஏழாவது மாடியில பலகை வருது, ஓடி வாங்க!" என்று போனில் கத்துவான். நானும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த ஏழாவது மாடிப் பலகைதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு சமையலறை மேடையின் மேல்பலகை. வெள்ளை வெளேரென்று, பளபளப்பாக, சரியாக நாலடி. தையல் மெஷின் கால்மேல் வைத்தால் மேசை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டிலிருந்து எது வந்தாலும் முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுவேன். அதையும் கழுவி, மாடியில் சாய்த்து வைத்தேன். கீழே தண்ணீர் தேங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பலகை ஓரமெல்லாம் பாலில் நனைத்த ரொட்டியாக ஊதிக் கிடந்தது. மரமே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. கையை வைத்தேன், உதிர்ந்தது.

அது பத்தாவது நாள். விசிலுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ஒரு மீன்தொட்டிதான்க்கா இருக்கு" என்றான்.

வீடு முழுக்கக் கண்ணை ஓட்டினேன். சின்ன அறையின் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா நின்றது. ஆறரை அடி, அசல் மரம், ஒரு இடத்திலும் வளையவில்லை. இப்படி ஒரு பலகையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா ஊரெல்லாம் தேடினேன் என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"அது கதவு" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும்."

"கதவு கதவாவே இருக்கட்டுமே."

"ஒன்பது வருஷமா மூடாததுக்குக் கதவுன்னு பேரா? தள்ளுங்க."

கீல்களைக் கழற்றினேன். நாலடியில் கோடு போட்டு அறுத்தேன். அறுத்த ஓரத்தை இழைத்தேன், தேய்த்தேன், வார்னிஷ் அடித்தேன். மேசை என்றால் அது மேசை. மிச்சமிருந்த இரண்டரை அடித் துண்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, கட்டிலுக்கு மேலே புத்தகப் பலகையாகச் சுவரில் பொருத்தினேன். அறை வாசலுக்கு நல்லதாக ஒரு திரைச்சீலை. பதினோராவது நாள் மாலை அறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தேன். எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை. வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். படிவத்தைக் கையில் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னேன். "கட்டில், இருக்கு. மேசை, இருக்கு. துணி வைக்க இடம், குளுகுளுன்னு இருக்கு" என்று வாசித்துக்கொண்டே வந்தவர் தாளைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பின்னாடி நீ என்ன எழுதியிருக்கே?"

"கட்டிலோட அளவு."

தாளின் ஒரு பக்கம் காலியாக இருந்தால் நான் விடுவதே இல்லை. இதன் பின்பக்கம் காலியில்லைதான். ஏதோ பொடி எழுத்து இருந்தது, சட்டதிட்டம் என்று நினைத்தேன். முன்பக்கத்து 'இல்லை'களைப் படித்த கோபத்தில் அதை யார் படிப்பது? மேலேயே தச்சுப் பென்சிலால் பட்டை பட்டையாக எழுதித் தள்ளிவிட்டேன்.

"உன் மூணடிக்கும் ஆறேகாலடிக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கு" என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "'உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவுடன் தனி அறை. பெண் குழந்தைக்குக் கட்டாயம்.' பக்கத்துல அந்தம்மா டிக் போட்டு, 'கதவு உள்ளது, தாழ்ப்பாள் மட்டும் பொருத்த வேண்டும்'னு எழுதியிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றினார். "மொத்தப் படிவத்துலயும் உனக்குக் கிடைச்ச ஒரே டிக் இதுதான்."

அந்த டிக்கைத்தான் நான் நாலடியில் அறுத்து வார்னிஷ் அடித்து வைத்திருந்தேன்.

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "பாத்ரூம் கதவைக் கழட்டி இங்க மாட்டிடலாமா?" என்றார்.

"நாம?"

"பாட்டுப் பாடிக்கிட்டே குளிப்போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டு என் கண்முன்னால் வந்து நின்றது. பல்லில் கடித்த முனை, கையில் பிடித்த முனை, சுவரைப் பார்த்த முகம். நாற்பது கட்டில் இருக்கிற இடத்தில் அவளுக்குக் கட்டிலா குறை? அதைப் பார்த்துவிட்டு வந்து கட்டில் கம்பிக்காகக் கவலைப்பட்ட என்னை என்ன சொல்வது? கண்ணிருந்தும் குருடியாகத்தான் இருந்திருக்கிறேன்.

எழுந்தேன். "மேசையைக் கழட்டுங்க. புத்தகப் பலகையையும் கழட்டுங்க."

"மேசை இல்லன்னு எழுதிடுவாங்களே?"

"எழுதட்டும். கதவு இருந்தாகணும்."

மணி எட்டரை. வார்னிஷ் அடித்த நாலடியையும் நீலம் அடித்த இரண்டரை அடியையும் தரையில் முட்டுக்கொடுத்துப் படுக்கவைத்தோம். இழைத்ததில் அரை அங்குலம் போயிருந்தது. போனது போகட்டும், அடியில் காற்று வரும். பழைய இரும்பு ரேக்கின் கால்கள் நான்கு மாடியில் கிடந்தன, நீளத்துக்கும் ஓட்டை போட்டவை. அவற்றில் மூன்றை மூட்டுக்குக் குறுக்கே வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்கினேன். நிமிர்த்தியதும் கதவு நடுவில் முறிகிற மாதிரி ஆடியது. திரும்பப் படுக்கவைத்து, நாலாவது காலையும் மறுபக்கம் வைத்து இறுக்கினேன். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. அதன்பிறகு அது ஆடவில்லை.

கதவு நிலையில் பழைய திருகாணி ஓட்டைகள் அகண்டுபோயிருந்தன. தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் அடித்து, காயவிட்டு, அதன்மேல் திருகாணியை ஏற்றினேன். மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். நடுக்கீலின் இடத்தில் இரும்புக் கால் வந்துவிட்டதால் அதை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். "என் ஆயுசுல இவ்வளவு நேரம் ஒரே நிறுத்தத்துல நின்னதில்ல" என்று முனகினார். இரண்டு மணிக்குக் கதவு தொங்கியது. மேலே உரசியது. ஏறி நின்று இழைத்தேன். மூடினால் மூடியது, திறந்தால் திறந்தது.

ஜாம் பாட்டில்களைக் கவிழ்த்துத் தாழ்ப்பாள் தேடினேன். பதினோரு தாழ்ப்பாள்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் நகர்த்திப் பார்த்து, கொஞ்சமும் இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போன பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தேன். எந்த உயரத்தில் வைப்பது? அவள் என் பக்கத்தில் நின்றால் தலை என் தோளுக்கு எட்டும். அதை மனசில் வைத்து, அவள் நெஞ்சுக்கு நேராகப் பொருத்தினேன்.

நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பிள்ளை தோளில் ஒரு பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலச் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதிகாரி அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், கையால் அழுத்திப் பார்த்தார். திரையை விலக்கினார்.

"இது ஃபிரிட்ஜா?"

"இருந்துச்சு மேடம்" என்றார் வீட்டுக்காரர்.

அதிகாரி அம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு அறை மூலையில் தலையில்லாமல் நின்ற தையல் மெஷின் காலைப் பார்த்தார். "மேசை?"

ஒரு துணியைப் போர்த்தி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அது வரவில்லை. "இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்துச்சு மேடம். அந்தப் பலகைதான் இப்ப கதவா இருக்கு. புதுசா ஒண்ணு பண்ணிடுவேன்" என்றேன்.

"வெளிய வாங்க, பேசணும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூடத்துக்கு வந்தோம். படிவத்தைத் திறந்து 'மேசை, இல்லை' என்று எழுதுவதை என் கண்ணால் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

அப்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதையடுத்துத் தாழ்ப்பாள் விழுந்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பிள்ளை உள்ளே இருந்தாள்.

தாழ்ப்பாள் திறந்தது. கதவு திறக்கவில்லை. திரும்ப விழுந்தது. திரும்பத் திறந்து, திரும்ப விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அதிகாரி அம்மா போய்த் தட்டினார். "உள்ள என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்ல. சும்மா இருக்கேன்."

"போகலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அது மூன்று நாற்காலிகளின் கால்களை ஒன்றாகச் சேர்த்து நான் செய்தது. நல்ல வேளை, தாங்கியது. நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

பிள்ளை வெளியே வந்தாள். சட்டை மாற்றியிருந்தாள். பையில் வேறு சட்டை வைத்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான். கதவின் நடுவில் நீலமும் வார்னிஷும் சேர்கிற இடத்தில் விரலை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவினாள்.

"இது ஏன் ரெண்டு துண்டா இருக்கு?"

"உங்க அத்தை இதை அறுத்து மேசை பண்ணிட்டா" என்றார் வீட்டுக்காரர். "இன்னிக்குக் காலையில திரும்பக் கதவு பண்ணினா."

அவள் அதை யோசித்தாள். அதிகாரி அம்மா எழுந்து வந்து, குனிந்து, அவள் தோளில் கை வைத்தார். "இங்க வந்து இருக்க உனக்கு இஷ்டமாம்மா? யாருக்காகவும் சொல்ல வேண்டாம். யோசிச்சுச் சொல்லு. பேப்பர் வேலை முடிய ரெண்டு வாரம் ஆகும்."

பிள்ளை தலையை நிமிர்த்தி, முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இதைத் திரும்ப மேசை பண்ணிடாதீங்க, அத்தை."

அதிகாரி அம்மா பேனா மூடியைத் திறந்தார். மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், அவள் போதும் என்று சொல்லும்வரை.